ஏழு வயதில் வியர்வை வாடையும் முடியும்: குழந்தை வயதுக்கு வந்துவிட்டதா?



இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது, மறைவிடத்தில் நான்கைந்து கறுத்த முடிகள் உம்மாவின் கண்ணில் படுகின்றன. பள்ளிக்கூடம் விட்டு வந்த சட்டையைக் கழற்றினால், பெரியவர்களுக்கு வருவது போன்ற வியர்வை வாடை. தலையில் எண்ணெய்ப் பிசுக்கு. நெற்றியில் சின்னப் பருக்கள். "இந்த வயசிலேயே பெரிய பிள்ளை ஆகப் போகிறாளா?" என்று நெஞ்சு பதறுகிறது.

இதற்குப் பிறகு நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. சில வீடுகளில் விஷயம் நன்னி, மாமி, பக்கத்து வீடு என்று பரவி, குழந்தையை ஓடியாட விடாமல் நிறுத்துகிறார்கள். "இனிமேல் நீ சின்னப் பிள்ளை இல்லை" என்கிறார்கள். வேறு சில வீடுகளில் வெட்கப்பட்டு, மருத்துவரிடம்கூடச் சொல்லாமல் மூடி மறைக்கிறார்கள். முதல் வகையில் ஒரு குழந்தையின் குழந்தைப் பருவம் காரணமில்லாமல் பறிபோகிறது. இரண்டாம் வகையில், குணப்படுத்தக்கூடிய நோய் ஒன்று உள்ளே இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் காலம் தவறிப்போகிறது.

ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முடியும் வியர்வை வாடையும் மட்டும் வந்தால் குழந்தை வயதுக்கு வந்துவிட்டது என்று பொருள் அல்ல. பெரும்பாலும் அது தீங்கில்லாத மாற்றம். ஆனாலும், உரிய வயதுக்கு முன் வந்தால் ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். ஏன் இப்படி என்பதைக் கீழே படிப்படியாகப் பார்ப்போம்.

சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்தது போல ஒவ்வொரு சிறு சுரப்பி இருக்கிறது. அதற்கு அட்ரீனல் சுரப்பி என்று பெயர். வளர்ந்த மனிதரிடம்கூட ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம் எடைதான். ஆனால் அது செய்யும் வேலை பெரியது.

இந்தச் சுரப்பியின் உட்பகுதி, பயமோ அதிர்ச்சியோ வரும்போது நெஞ்சைப் படபடக்க வைக்கும் அட்ரீனலினைச் சுரக்கிறது. வெளிப்பகுதியில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலடுக்கு உடலில் உப்பையும் நீரையும் சீராக வைக்கும் ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கிறது. நடு அடுக்கு, காய்ச்சல், காயம் போன்ற நெருக்கடிகளைத் தாங்க உடலுக்கு உதவும் கார்டிசோலைச் சுரக்கிறது. உள்ளடுக்கு, ஆண் தன்மையுள்ள மென்மையான சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இவை பொதுவானவை. இவற்றில் முக்கியமானது டி.எச்.இ.ஏ.எஸ். எனப்படும் ஹார்மோன்.

குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது அட்ரீனல் சுரப்பி, உடல் அளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. இந்த ஹார்மோனை அப்போது அது ஏராளமாகச் சுரக்கிறது. பிறந்த சில மாதங்களில் அந்தப் பகுதி சுருங்கிவிடுகிறது. அதன் பிறகு சில ஆண்டுகள் உள்ளடுக்கு உறங்குவது போல் அமைதியாக இருக்கும். ஏறத்தாழ 6 வயது முதல் 8 வயதுக்குள் அது மெல்ல விழித்து மீண்டும் சுரக்கத் தொடங்குகிறது. இந்த விழிப்பைத்தான் மருத்துவர்கள் அட்ரீனார்க்கி என்று அழைக்கிறார்கள்.

இது நோய் அல்ல. எல்லாக் குழந்தைகளுக்கும் நடப்பது. பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் சில ஆண்டுகளில் வெளியே எதுவும் தெரியாது. ஹார்மோன் அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய பிறகுதான் வியர்வை வாடை மாறுவதும், தோலில் எண்ணெய்ப்பசை கூடுவதும், அக்குளிலும் மறைவிடத்திலும் முடி முளைப்பதும் தெரியவரும். சில குழந்தைகளுக்கு இந்த விழிப்பு முன்னதாகவே வந்துவிடுகிறது. இன்னும் சிலருக்கு ஹார்மோன் அளவு சாதாரணமாகவே இருந்தாலும், தோலும் முடிவேரும் அதற்குச் சீக்கிரம் இணங்கிவிடுகின்றன.

இரண்டு வெவ்வேறு பூட்டுகள்

பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். முடி முளைப்பதும் பருவமடைவதும் ஒன்றே என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டும் வெவ்வேறு சாவியால் திறக்கும் வெவ்வேறு பூட்டுகள்.

உண்மையான பருவமடைதல் மூளையிலிருந்து தொடங்குகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி என்னும் சுரப்பிக்குக் கட்டளை அனுப்புகிறது. பிட்யூட்டரி, பெண் குழந்தையின் சினைப்பைகளையும் ஆண் குழந்தையின் விதைகளையும் எழுப்புகிறது. பெண் குழந்தைக்கு மார்பு மொட்டு விடுகிறது. அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்து மாதவிடாய் வருகிறது. ஆண் குழந்தைக்கு முதலில் விதைகள் பெரிதாகின்றன. மற்ற மாற்றங்கள் அதற்குப் பின்னால் வருகின்றன.

அட்ரீனல் விழிப்பில் இந்தக் கட்டளைக்கு வேலையே இல்லை. அது தனி வழியில் நடக்கிறது. இதற்கு நல்ல சான்று உண்டு. அட்ரீனல் சுரப்பி பழுதடைந்து அதன் ஹார்மோன்கள் சுரக்காத குழந்தைகளும் உரிய காலத்தில் பருவமடைகிறார்கள். மறுபக்கம், மூளையின் கட்டளை மூன்று நான்கு வயதிலேயே வந்து மார்பு வளரத் தொடங்கிய குழந்தைகளில், அட்ரீனல் இன்னும் உறங்கிக்கொண்டே இருக்கலாம். ஒன்று வந்தால் மற்றது வந்தே தீரும் என்பதில்லை.

ஆகவே, முடி மட்டும் முளைத்த ஏழு வயதுக் குழந்தைக்கு அடுத்த மாதமோ அடுத்த ஆண்டோ மாதவிடாய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அப்படிப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் மற்ற பிள்ளைகளைப் போலவே, ஏறத்தாழ வழக்கமான வயதில்தான் பருவமடைகிறார்கள். அவர்கள் வயதுப் பிள்ளைகளைவிடச் சிறிது உயரமாகத் தெரியலாம். எலும்பின் வளர்ச்சியும் கொஞ்சம் முந்தியிருக்கலாம். வளர்ந்தபின் எட்டும் உயரம் பொதுவாகக் குறைவதில்லை.

எந்த வயதுக்கு முன் வந்தால் சீக்கிரம்?

பெண் குழந்தைக்கு 8 வயது நிறைவதற்கு முன்பும், ஆண் குழந்தைக்கு 9 வயது நிறைவதற்கு முன்பும் இந்த அறிகுறிகள் தெரிந்தால் அதை முன்கூட்டிய அட்ரீனல் விழிப்பு என்று கருதி மருத்துவர்கள் ஆராய்வார்கள். பெண் குழந்தைகளிடம்தான் இது அதிகம் காணப்படுகிறது. 6 வயதுக்கும் முன்பே வந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

"முன்கூட்டிய அட்ரீனல் விழிப்பு" என்பது மருத்துவர் கடைசியில் சொல்ல வேண்டிய பெயர், முதலில் அல்ல. மற்ற காரணங்கள் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே அந்தப் பெயரைச் சூட்ட முடியும். அதனால்தான் "இதெல்லாம் சாதாரணம்" என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது.

தாமதிக்காமல் காட்ட வேண்டிய அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் "பள்ளி விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

1. பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன் மார்பு வளர்வது. குண்டான குழந்தைகளிடம் கொழுப்பே மார்பு போலத் தெரியும். தொட்டால் கொழுப்பு மெத்தென்று இருக்கும். மார்பு மொட்டு காம்புக்கு அடியில் பொத்தான் போலக் கெட்டியாகத் தட்டுப்படும். சந்தேகம் இருந்தால் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

2. வயதுக்கு முன் இரத்தப்போக்கு.

3. பெண் குழந்தையின் பிறப்புறுப்பின் மேல்பகுதியில் உள்ள சிறு மொட்டு பெரிதாவது, குரல் கரகரப்பாக மாறுவது, தசைகள் முறுக்கேறுவது, முகத்தில் முடி வளர்வது.

4. ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன் விதைகளோ ஆணுறுப்போ பெரிதாவது.

5. திடீரென மளமளவென்று உயரம் கூடுவது. இந்த வயதில் குழந்தைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 சென்டிமீட்டர் வளர்வார்கள். அதைவிட வெகுவாகக் கூடினால் கவனிக்க வேண்டும்.

6. முடியும் பருக்களும் சில மாதங்களிலேயே வேகமாக அதிகரிப்பது.

7. அடிக்கடி தலைவலி, காலையில் வாந்தி, பார்வை மங்குவது.

8. எடை ஏறிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிடுவது, முகம் நிலாப் போல உருண்டு சிவப்பது, இரத்த அழுத்தம் கூடுவது.

ஆண் பிள்ளை விஷயத்தில் இன்னும் ஒரு விழிப்பு தேவை. பெண் குழந்தைகளுக்கு மூளையின் கட்டளை முன்கூட்டி வந்தால், பலருக்குத் தனிப்பட்ட நோய் எதுவும் இருப்பதில்லை. ஆண் குழந்தைகளிடம் அப்படி நடந்தால், பின்னால் ஒரு நோய் இருக்கும் வாய்ப்பு அதிகம். "ஆம்பளப் பிள்ளைதானே, சீக்கிரம் வளர்ந்தால் நல்லதுதானே" என்று விட்டுவிடுவது தவறு.

பிறவியிலேயே வரும் ஓர் அட்ரீனல் குறைபாடு

முன்கூட்டி முடி முளைக்கும் குழந்தையிடம் மருத்துவர் முக்கியமாகத் தேடிப் பார்ப்பது ஒரு பரம்பரைக் குறைபாட்டை. ஆங்கில எழுத்துகளால் சி.ஏ.எச். என்று அதைச் சுருக்கமாக அழைப்பார்கள். பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பி பருத்திருக்கும் நிலை என்று அதற்குப் பொருள்.

அட்ரீனல் சுரப்பியில் கார்டிசோல் தயாராவதற்குப் பல நொதிகள் வேண்டும். அவற்றில் ஒன்று பிறவியிலேயே குறைந்திருந்தால் கார்டிசோல் போதுமான அளவு உண்டாகாது. "போதவில்லை, இன்னும் செய்" என்று பிட்யூட்டரி சுரப்பியை விரட்டிக்கொண்டே இருக்கும். அடைபட்ட வாய்க்காலில் நீர் பக்கவாட்டில் பெருகி ஓடுவது போல, கார்டிசோல் ஆக வேண்டிய சரக்கு ஆண் தன்மையுள்ள ஹார்மோனாக மாறிப் பெருகும். அதன் விளைவுதான் சின்ன வயதில் முடியும், வேகமான வளர்ச்சியும்.

இந்தக் குறைபாடு கடுமையாக இருந்தால், பிறந்த முதல் சில வாரங்களிலேயே குழந்தை பால் குடிக்காமல், வாந்தியெடுத்து, உப்பும் நீரும் இழந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். பெண் குழந்தையானால் பிறப்புறுப்பு ஆணா பெண்ணா என்று குழப்பமாகத் தெரியும். நடுத்தரமாக இருந்தால் மூன்று நான்கு வயதில் ஆண் குழந்தை தன் வயதுப் பிள்ளைகளைவிட உயரமாக, முடியோடு வருவான். இலேசாக இருந்தால் ஆறு ஏழு வயதில் முடி முளைப்பது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.

சிகிச்சை செய்யாவிட்டால் நடப்பதைக் கேளுங்கள். வகுப்பிலேயே உயரமாக இருந்த பிள்ளைக்கு எலும்பின் வளர்ச்சிப் பகுதிகள் சீக்கிரமே மூடிக்கொள்கின்றன. பத்து பன்னிரண்டு வயதில் வளர்ச்சி நின்று, வளர்ந்தபின் வீட்டிலேயே குள்ளமானவராக அவர் நிற்பார். காலத்தில் கண்டுபிடித்தால் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை உரிய அளவில் கொடுத்து இதைப் பெரிதும் தடுக்கலாம்.

இந்தக் குறைபாடு நமக்குத் தொலைவானது அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ 5,800 குழந்தைகளில் ஒருவருக்கு இது இருந்தது. சென்னையில் மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 2,000 குழந்தைகளில் ஒருவருக்கு.

இது இரு பெற்றோரிடமிருந்தும் சேர்ந்து வர வேண்டிய குறைபாடு. உம்மாவும் வாப்பாவும் நலமாகவே இருப்பார்கள். ஆனால் இருவரும் குறையுள்ள மரபணு ஒன்றைச் சுமந்துகொண்டிருப்பார்கள். அப்படி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இது வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் திருமணம் நடக்கும் குடும்பங்களில், இருவரும் ஒரே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் மணமுடித்த எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனால் குடும்பத்தில் பச்சிளம் குழந்தை காரணம் தெரியாமல் வாந்தியெடுத்து இறந்திருந்தால், அல்லது யாருக்காவது இந்தக் குறைபாடு இருந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

பயந்துபோகும்படி ஒன்றும் இல்லை. முதலில் உயரமும் எடையும் அளந்து, வளர்ச்சி அட்டவணையில் குறிப்பார்கள். முந்தைய ஆண்டுகளின் அளவு கையில் இருந்தால் பெரிய உதவி. தடுப்பூசி அட்டை, பள்ளியில் அளந்த குறிப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பெற்றோரின் உயரத்தையும் கேட்பார்கள்.

பிறகு குழந்தையைத் தனி அறையில், உம்மா உடன் இருக்க, பரிசோதிப்பார்கள். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. பரிசோதிக்கப் போவதைக் குழந்தைக்கும் எளிமையாகச் சொல்லி, அதன் சம்மதத்தோடு செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து இடது கையை எக்ஸ்-ரே எடுப்பார்கள். கை, மணிக்கட்டு எலும்புகளைப் பார்த்து எலும்பின் வயதைக் கணிக்கலாம். எலும்பு வயது உண்மையான வயதைவிடச் சற்றே முந்தியிருந்தால் கவலையில்லை. மிகவும் முந்தியிருந்தால் மேற்கொண்டு ஆராய்வார்கள்.

தேவைப்பட்டால் காலையில் இரத்தம் எடுத்து டி.எச்.இ.ஏ.எஸ்., டெஸ்டோஸ்டீரோன், பிறவிக் குறைபாட்டைக் காட்டும் 17-ஓ.எச்.பி. ஆகியவற்றை அளப்பார்கள். 17-ஓ.எச்.பி. அளவு காலையில் உயர்ந்தும் பிறகு இறங்கியும் இருக்கும் என்பதால், காலையில் எடுப்பதுதான் முறை. சில குழந்தைகளுக்கு மட்டும் வயிற்றை ஸ்கேன் செய்வார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் மருந்து எதுவும் தர மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை பார்க்க வரச் சொல்வார்கள். "மருந்தே எழுதவில்லையே" என்று வேறு வேறு இடங்களுக்கு அலைய வேண்டாம். மருந்து தேவையில்லை என்பதே நல்ல செய்திதான். முடி வளர்ச்சியை நிறுத்துகிறேன் என்று சொல்லி விற்கும் சூரணமோ லேகியமோ இந்தக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

ஒருவேளை மூளையின் கட்டளையே முன்கூட்டி வந்திருந்தால், அதற்கு வேறு சிகிச்சை உண்டு. மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியால் பருவ வளர்ச்சியை நிறுத்தி வைக்கலாம். உரிய வயது வந்து ஊசியை நிறுத்தியதும் வளர்ச்சி இயல்பாகத் தொடரும்.

முதலில் பக்கத்தில் உள்ள குழந்தை மருத்துவரையோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவையோ அணுகுங்கள். தேவையென்றால் அவர்களே குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் அனுப்புவார்கள். பள்ளிக்கு வரும் அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழுவிடமும் சொல்லலாம்.

ஏன் சில குழந்தைகளுக்கு மட்டும்?

பல குழந்தைகளிடம் குறிப்பிட்ட ஒரு காரணத்தைக் காட்ட முடிவதில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் அடிக்கடி சேர்ந்து காணப்படுகின்றன. ஒன்று, உடல் எடை கூடுதலாக இருப்பது. மற்றொன்று, பிறக்கும்போது எடை குறைவாக இருந்து, பிறகு வேகமாக எடை ஏறுவது. இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தையைத் "தேற்ற வேண்டும்" என்று நெய்யும் இனிப்புமாக ஊட்டி ஊட்டிக் குண்டாக்குவது அன்புதான். ஆனால் அது உடலுக்கு நல்லதல்ல.

முன்கூட்டி அட்ரீனல் விழித்த பெண் குழந்தைகளில் சிலருக்கு, குறிப்பாக எடை கூடியவர்களுக்கு, பின்னாளில் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும், இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையும் வரலாம். எல்லோருக்கும் வராது. எடையைக் கட்டுக்குள் வைப்பதே இதற்கு நம் கையில் உள்ள நல்ல மருந்து.

"பிராய்லர் கோழிதான் காரணமா?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. பிராய்லர் கோழி வேகமாக வளர்வது, தேர்ந்தெடுத்து வளர்த்த இனத்தாலும் தீவனத்தாலும். ஒவ்வொரு கோழிக்கும் ஹார்மோன் ஊசி போடுவது நடைமுறையில் கட்டுப்படியாகாத வேலை. கோழிக்கறி சாப்பிட்டதால் குழந்தை முன்கூட்டிப் பருவமடைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தினமும் பொரித்த கோழி, பரோட்டா, குளிர்பானம் என்று போனால் எடை கூடும். எடை கூடினால் மேலே சொன்னது நடக்கும்.

கவனிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. பெரியவர்கள் தோலில் பூசும் டெஸ்டோஸ்டீரோன் ஜெல், குழந்தையைத் தூக்கும்போது அதன் தோலில் ஒட்டி முடி முளைக்க வைக்கலாம். அதைப் பூசுகிறவர்கள் கையைக் கழுவி, பூசிய இடத்தை மூடி வைக்க வேண்டும். அதுபோல, மருந்துக் கடையில் தானே வாங்கி, சிவப்பாக்கவோ சொறிக்கோ மாதக்கணக்கில் தடவும் ஸ்டீராய்டு களிம்பு, உடலுக்குள் இறங்கி அட்ரீனல் சுரப்பியின் வேலையையே நிறுத்திவிடலாம். நிலாப் போல் உருண்ட முகமும் நின்றுபோன உயரமும் அதனாலும் வரும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

தினமும் இருமுறை குளியல், அக்குளில் சோப்பு, பருத்தி உடை, தினம் மாற்றும் உள்ளாடை. வாடைக்கு இது பெரும்பாலும் போதும். போதவில்லை என்றால் மிதமான டியோடரண்ட் பயன்படுத்தலாம். பெரியவர்கள் பயன்படுத்தும் முடி நீக்கும் களிம்பை இந்தக் குழந்தைகளின் மறைவிடத்தில் பூச வேண்டாம். மென்மையான தோல் புண்ணாகிவிடும்.

சோற்றின் அளவைக் கொஞ்சம் குறைத்து, காய், பயறு, முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டுங்கள். இனிப்புப் பானங்களை நிறுத்துங்கள். நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடி விளையாடட்டும். பெண் பிள்ளை என்று அவளை உட்கார வைக்காதீர்கள். அவளுக்குத் தேவைப்படும் முதல் மருந்தே அந்த ஓட்டம்தான். இரவு நேரத்தோடு உறங்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது குழந்தையின் மனம். உடல் எப்படித் தெரிந்தாலும் அவள் ஏழு வயதுக் குழந்தைதான். ஏழு வயதுக்குரிய விளையாட்டும் அழுகையும் பிடிவாதமும் இருக்கும். "இவ்வளவு பெரிய பிள்ளை ஆகிவிட்டாயே" என்று பழிக்காதீர்கள். விருந்தினர் முன்னால் அவள் உடலைப் பற்றிப் பேசாதீர்கள். மறைக்க வேண்டியதை மறைத்துக் காப்பது நம் பண்பு. அது குழந்தைக்கும் உரியது. "உன் உடம்பில் ஒரு சுரப்பி கொஞ்சம் சீக்கிரம் வேலையை ஆரம்பித்துவிட்டது. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை" என்று சொன்னால் அவளுக்குப் புரியும்.

வயதுக்கு மீறி வளர்ந்தது போலத் தெரியும் குழந்தைகளிடம் சில கயவர்கள் தவறாக நடக்க முயலலாம். யார் தொட்டாலும் பிடிக்கவில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல்லவும், உடனே உம்மாவிடம் வந்து சொல்லவும் பழக்குங்கள். உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

பெற்றோர் கேட்கும் சில கேள்விகள்

முடி முளைத்துவிட்டதே, குழந்தைக்குத் தொழுகையும் நோன்பும் கடமையாகிவிட்டதா?

மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். கேட்கும்போது குழந்தையின் வயது, மாதவிடாய் வரவில்லை என்பது, இது அட்ரீனல் சுரப்பியால் வந்த முடி என்று மருத்துவர் சொன்னது ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். முழு விவரம் தெரிந்தால்தான் அவரால் சரியாகச் சொல்ல முடியும். ஏழு வயதில் தொழுகையைப் பழக்குவது நம் வீடுகளில் எப்படியும் நடப்பதுதான்.

பிறவிக் குறைபாட்டுக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளை நோன்பு வைக்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் வைக்கவே கூடாது. அந்த மாத்திரை, உடல் தானே செய்ய முடியாத கார்டிசோலுக்கு ஈடாகத் தரப்படுவது. ஒரு வேளை தவறினாலும், குறிப்பாகக் காய்ச்சலோ வாந்தியோ இருக்கும்போது, இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். காய்ச்சல் வந்தால் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தியெடுத்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். "ஸ்டீராய்டு கெடுதல்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நடுவில் நிறுத்திவிடாதீர்கள். எல்லையில்லாமல் தடவும் களிம்பு வேறு, அளந்து கொடுக்கும் இந்த மாத்திரை வேறு.

ஒரு வயதுக் குழந்தைக்கும் முடி தெரிகிறதே?

சில கைக்குழந்தைகளுக்கு மறைவிடத்தில் மெல்லிய முடி தோன்றித் தானே உதிர்வதுண்டு. பெரும்பாலும் தீங்கில்லை. ஆனாலும் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே நிம்மதியாக இருங்கள்.

பள்ளியில் சொல்ல வேண்டுமா?

வாடையையோ பருக்களையோ வைத்து மற்ற பிள்ளைகள் கேலி செய்தால் வகுப்பு ஆசிரியையிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். மதரஸா உஸ்தாதாவிடமும் அப்படியே. கேலிக்குப் பயந்து குழந்தையை எந்த வகுப்பிலிருந்தும் நிறுத்த வேண்டாம்.

பெற்றோர்களே, உங்கள் குழந்தையிடம் இந்த அறிகுறிகள் தெரிந்தால் இந்த வாரமே சுவரில் நிறுத்தி உயரத்தை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். எடையையும் எழுதுங்கள். மேலே எண்ணிட்டுச் சொன்ன அறிகுறிகள் இருந்தால் நாளையே மருத்துவரிடம் செல்லுங்கள். அவை இல்லை, முடியும் வாடையும் மட்டும்தான் என்றால் இந்த மாதத்துக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதற்கிடையில் அவளை அழைத்து உட்கார வைத்துக் கவலையோடு பார்க்காமல், தெருவில் விளையாடப் போகச் சொல்லுங்கள்.